சீனிக்குப் பழி, எண்ணெய்க்குப் பரிவு

பினாங்குத் தலைநகராம் ஜார்ஜ்டவுனில், பினாங்குத் தெருவிலோ மார்க்கெட் தெருவிலோ உள்ள உணவுக் கடைகளில் காலைப்பொழுதில் பசியாற வருவோரைச் சற்றே கூர்ந்து நோக்கினால், ஒரு காட்சி தவறாது கண்ணிற்படும். அறுபது வயதை நெருங்கும் ஒருவர் வந்து அமர்வார். "தே ஓ கோசோங்" என்று குரல் கொடுப்பார். பாலும் சீனியும் கலவாத அத்தேநீரைக் கேட்கும்போது அவர் முகத்தில் துறவு பூண்டவரின் நிறைவு தோன்றும். அடுத்து அவர் முன் எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய் இரண்டும் பருப்பு வடை இரண்டும் வந்து சேரும். "இனிப்புநீர் இருக்கு; சீனிய விட்டாச்சு" என்பார். பக்கத்தில் அமர்ந்திருப்போரும் அவருடைய மனவுறுதியை மெச்சித் தலையசைப்பர்.

இக்காட்சியில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அம்முதியவர் அறிவிலி அல்லர், பொய்யரும் அல்லர். தமக்குச் சொல்லப்பட்டதை அப்படியே நம்பி நடப்பவர். அவருக்குச் சொல்லப்பட்டதுதான் பாதி உண்மை. மலேசியத் தமிழர் இந்நோய்க்கு வழங்கும் பெயரே அவரை ஏமாற்றிவிட்டது. 'இனிப்புநீர்' என்னும் சொல், சிறுநீரில் சர்க்கரை கலந்து வெளியேறும் அடையாளத்தைக் குறிப்பது. புகையைக் கண்டவர்கள் புகைக்கு இட்ட பெயர் அது. நெருப்பு எங்கே எரிகிறது என்பதை அப்பெயர் கூறுவதில்லை. 'நீரிழிவு' என்னும் ஏட்டுச் சொல்லும் கூறுவதில்லை. பெயரைக் கேட்ட மக்கள், இனிப்பினால் வந்தது இனிப்பை விட்டால் போகும் என்று முடிவுகட்டினர். மொழியைக் காப்பதாகச் சொல்லும் தமிழாசிரியரும் எழுத்தாளரும் இத்தனை ஆண்டுகளாக அம்முடிவைத் திருத்த முற்படாதது ஏன் என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய வினா.

நாட்டின் நிலை

மலேசியாவில் 1986ஆம் ஆண்டு நடத்தப்பட்ட முதல் தேசிய உடல்நல ஆய்வில் நீரிழிவுற்றோர் 6.3 விழுக்காட்டினர் எனக் கணக்கிடப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் அத்தொகை 18.3 விழுக்காடாயிற்று. இரு ஆய்வுகளும் வெவ்வேறு வயதினரை எடுத்துக்கொண்டவை. ஆதலின் ஒன்றோடொன்றை அப்படியே ஒப்பிடுதல் தகாது. ஆயினும் போக்கு எத்திசையில் என்பதில் ஐயமில்லை. அந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களிடையே காணப்பட்ட அளவு 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவருக்குச் சற்றே குறைவு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தபோதும் இனங்களுக்குள் இந்தியரே முன்னிலையில் நின்றனர். எதில் முன்னிலை வகிக்கக் கூடாதோ அதில் முன்னிலை!

இதற்குப் பரம்பரை காரணம் என்று கூறி ஒதுங்குவோர் உளர். பரம்பரைக்குப் பங்கு உண்டு. தெற்காசியரின் உடலில், எடை மிகாத நிலையிலும், வயிற்றினுள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு எளிதிற் சேர்கிறது என்பது பல ஆய்வுகளில் நிலைபெற்ற செய்தி. அதனாலன்றோ உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, 2004இல், ஆசிய மக்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தொடும்போதே எச்சரிக்கை வேண்டும் என்று அறிவித்தது. எனினும் பரம்பரை என்பது விதை; நிலமும் நீரும் அமையாமல் அது முளைப்பதில்லை. தாத்தாவின் குருதியில் இருந்ததே பேரனின் குருதியிலும் இருக்கிறது. தாத்தாவைத் தாக்காத நோய் பேரனை முப்பது வயதில் தாக்குவானேன்?

நோயின் வேர்

கணையம் சுரக்கும் இன்சுலின், குருதியில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள் புகவிடுமாறு அறிவிக்கும் தூது. கல்லீரலுக்கும் அதுவே ஆணையிடுகிறது. இத்தூதைத் தசையும் கல்லீரலும் செவிமடுக்காத நிலைக்கு 'இன்சுலின் எதிர்ப்பு' என்று பெயர். நீரிழிவுற்றோருள் இன்சுலினுக்கு இணங்குவோர், இணங்காதோர் என இருவகையினர் உளர் என்பதை 1936ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வர்த் எடுத்துக்காட்டினார். இணங்காத உடலை இணங்க வைக்கக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. ஆண்டுகள் பல இவ்வாறு உழைத்துக் களைத்தபின் சுரப்பு குன்றுகிறது. அப்போதுதான் குருதியில் சர்க்கரை ஏறுகிறது. அதன் பின்னரே சிறுநீரில் இனிப்புத் தோன்றுகிறது. 'இனிப்புநீர்' என்று மக்கள் அழைப்பது ஒரு நெடுங்கதையின் இறுதி அத்தியாயத்தை.

தூது ஏன் செவியேறாமற் போகிறது? உடல் செலவிடுவதற்கு மேல் உணவு வந்துகொண்டேயிருந்தால், கொழுப்பைச் சேமிப்பதற்கென்றே அமைந்த திசுக்கள் நிரம்பி, மிச்சம் கல்லீரலிலும் தசையிலும் வழிந்து தங்குகிறது. அங்கே உருவாகும் டைஅசைல்கிளிசரால், செரமைடு போன்ற கொழுப்புப் பொருள்கள் இன்சுலினின் அறிவிப்பை உயிரணுவுக்குள் இடைமறிக்கின்றன. அந்த மிச்சம் சீனியிலிருந்தும் வரலாம், வெள்ளைச் சோற்றிலிருந்தும் வரலாம், எண்ணெயிலிருந்தும் வரலாம். ஒரு கிராம் சீனி தருவது 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெய் தருவது 9 கலோரி. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் இக்கணக்கு மாறாது. சீனியைச் சிறையிலிட்டு எண்ணெயை விடுதலை செய்த தீர்ப்பு எந்த நீதிமன்றத்தில் வழங்கப்பட்டது?

மூன்று கட்சியார்

எண்ணெயைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பினாங்குத் தமிழரிடையே மூன்று கட்சியார் எழுவர்.

முதற்கட்சியார் செம்பனையின் காவலர். செம்பனை நாட்டின் செல்வம் என்றும், அதனைக் குறைகூறுவது அயலார் சூழ்ச்சி என்றும் அவர் வாதிடுவர். வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சோயா உற்பத்தியாளர்கள் வெப்பமண்டல எண்ணெய்களுக்கு எதிராகப் பெரும் பரப்புரை நடத்தினர். அதன் பின்னே வணிக நோக்கம் இருந்தது. செம்பனைக்கும் தமிழனுக்கும் உள்ள உறவும் பழையது. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்த காலந்தொட்டுக் காடழித்து, கன்று நட்டு, குலை சுமந்தவருள் தமிழர் பெருந்தொகையினர். ஆயினும் பகைவனின் நோக்கம் தீயது என்பதனால் எண்ணெயின் இயைபு மாறிவிடாது. சமையலுக்கு விற்கப்படும் செம்பனை எண்ணெயில் நூற்றுக்கு 45 பங்கு அளவில் நிறைவுற்ற கொழுப்பு. அதிற் பெரும்பங்கு பால்மிட்டிக் அமிலம். கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ அதில் பாதியளவுகூட இல்லை. சுவீடன் நாட்டின் உப்சாலாவில் 2014இல் வெளியான ஆய்வொன்றில், எடை மிகாத இளைஞர் 39 பேருக்கு 7 வாரம் மிகையுணவு கொடுக்கப்பட்டது. ஒரு குழுவுக்குச் செம்பனை எண்ணெயில் செய்த பண்டம். மறு குழுவுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்த பண்டம். எடை இரு குழுவுக்கும் ஏறத்தாழச் சமமாகவே கூடிற்று. ஆனால் செம்பனைக் குழுவினரின் கல்லீரலிலும் வயிற்றினுள்ளும் சேர்ந்த கொழுப்பு மிகுதியாக இருந்தது. இதனை நாட்டுப்பற்றால் மறுக்க இயலாது. பொட்டலத்தின் மேல் 'கொலஸ்ட்ரால் அற்றது' என்று அச்சிடுவதும் மறுப்பாகாது. எந்தத் தாவர எண்ணெயிலும் குறிப்பிடத்தக்க கொலஸ்ட்ரால் இல்லை. உப்பின் பொட்டலத்தில் 'சீனி அற்றது' என்று அச்சிடுவதற்கு அது ஒப்பாகும்.

இரண்டாங்கட்சியார் முன்னோர் பெயரால் பேசுவோர். தேங்காய் எண்ணெயும் செக்கெண்ணெயும் அருமருந்து. ஆலை எண்ணெய் வந்தபின்னரே நோய் வந்தது என்பர். கைப்பேசி வழியே நாள்தோறும் வரும் செய்திகள் இவர்களுக்கு வேதம். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 90 பங்கு அளவில் நிறைவுற்ற கொழுப்பே. 2020இல் 16 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், அது பிற தாவர எண்ணெய்களைக் காட்டிலும் தீய கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்றும், குருதிச் சர்க்கரைக்குத் தனியானதொரு நன்மையும் புரியவில்லை என்றும் கண்டனர். முன்னோர் உண்டனர் என்பது மெய். எவ்வளவு உண்டனர்? விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டில் நடந்து நடந்து உழைத்த ஒரு குடும்பம், தோட்டத்துக் கடையில் கடனுக்குச் சிறு போத்தலில் எண்ணெய் வாங்கி, தாளிப்பதற்குக் கரண்டி நுனியால் எடுத்தது. பலகாரச் சட்டி அடுப்பேறியது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அந்த உழைப்பையும் அந்த வறுமையையும் மறந்துவிட்டு, அவர்தம் எண்ணெயை மட்டும் நினைவுகூர்வது முன்னோரைப் போற்றுவது ஆகுமா?

மூன்றாங்கட்சியார் வசதி படைத்தோர். வெளிநாட்டுச் சூரியகாந்தி எண்ணெயைப் போத்தலில் வாங்கி வைத்துவிட்டு, இனி எவ்வளவு பொரித்தாலும் கேடில்லை என்று அமைதியுறுவர். சென்னையில் நடைபெற்ற நகர்ப்புற நீரிழிவு ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2013இல் வெளியான கட்டுரையொன்று, சூரியகாந்தி எண்ணெய் பயன்படுத்திய வீட்டாரிடையே, கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் பயன்படுத்தியோரைக் காட்டிலும், இன்சுலின் எதிர்ப்போடு தொடர்புடைய வளர்சிதைமாற்றக் கோளாறுகள் மிகுந்திருந்ததை எடுத்துக்காட்டிற்று. ஒரே காலத்தில் எடுத்த கணக்கு அது. நோய்க்கு அந்த எண்ணெய்தான் காரணம் என்று அதைக்கொண்டு தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் போத்தலை மாற்றிவிட்டதால் மட்டும் உடல் பிழைத்துவிடாது என்பதற்கு அது சான்று. இதைக்கண்டு, விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் யாவும் நஞ்சு என்று கூக்குரலிடுவோரும் தவறுகின்றனர். 102 உணவுச் சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வு, மாவுப்பொருளுக்கோ நிறைவுற்ற கொழுப்புக்கோ பதிலாகப் பன்னிறைவுறாக் கொழுப்பைக் கொள்ளும்போது சர்க்கரைக் கட்டுப்பாடும் இன்சுலின் நிலையும் மேம்படுவதைக் காட்டியது. 'பதிலாக' என்னும் சொல்லே அங்கு உயிர்நிலை. சோற்றுக்கும் மேலாக, ரொட்டிக்கும் மேலாக, அதே எண்ணெயை ஊற்றினால் அந்த நன்மை எங்கிருந்து வரும்?

இம்மூன்று கட்சியாருக்கும் ஒருசேர விடை கூறும் ஆய்வொன்று உண்டு. ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 162 நலமான மக்களைக் கொண்டு மூன்று மாதம் நடத்தி 2001இல் வெளியிட்டது அது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவை உண்டோரிடம், இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் 10 விழுக்காடு அளவில் குறைந்தது. ஓலிக் அமிலம் மிகுந்த கொழுப்பை உண்டோரிடம் அக்குறைவு இல்லை. ஆகவே எண்ணெய்க்கு எண்ணெய் வேற்றுமை உண்டு. ஆனால் மொத்த உணவாற்றலில் 37 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பாகவே உண்டவர்களிடம் அந்த வேற்றுமை மறைந்துவிட்டது. நல்ல கொழுப்பும் அளவு கடந்தபின் கைகொடுக்கவில்லை. எந்த எண்ணெய் என்று மூன்று கட்சியாரும் மோதிக்கொண்டிருக்க, எவ்வளவு எண்ணெய் என்னும் வினா கேட்பாரற்றுக் கிடக்கிறது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கேட்பாரற்ற அவ்வினாவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் மாதத்திற்கு 5 கிலோ எண்ணெய் வாங்கி முழுவதையும் உண்கிறது எனக் கொள்வோம். தலைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிராம்; 375 கலோரி அளவு. நாளொன்றுக்கு 2000 கலோரி வேண்டிய ஒருவர், நிறைவுற்ற கொழுப்பைப் பத்திலொரு பங்குக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது 22 கிராம். அந்த 42 கிராமும் செம்பனை எண்ணெயாயின் 19 கிராம் அதிலேயே தீர்ந்துவிடும். எஞ்சிய 3 கிராமுக்குள் தேங்காய்ப்பால், நெய், பால், இறைச்சி, முட்டை யாவும் அடங்கவேண்டும்! கடையில் உண்ணும் நாசி கண்டாரும் பொரித்த கோழியும் மீ கோரெங்கும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

இங்கு அரசின் பங்கையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. சீனிக்கான உதவித்தொகை 2013இல் நீக்கப்பட்டது. இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் வரி விதிக்கப்பட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் பல்லாண்டு காலம் சீனிக்கு எதிராக எழுப்பிய குரலுக்கு இவை பொருத்தமான பலன்கள். எண்ணெய்க்கோ, ஒரு கிலோ பொட்டலம் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்குமாறு உதவித்தொகை வழங்கப்பட்டு வந்துள்ளது. சீனிக்கு வரி, எண்ணெய்க்கு மானியம்! மக்களின் நாவில் உள்ள அதே பிழை சட்டத்திலும் படிந்துவிட்டது.

மானியத்தை நிறுத்துக என்று கூறுவது எளிது. அது ஏழையின் அடுப்பை அணைப்பதாகும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மலிவுப் பொட்டலத்தைக் காட்டிலும் பன்மடங்கு விலை. செபராங் பிறையின் அடுக்குமாடி வீட்டில் நாட்கூலி கொண்டு வாழும் தாய்க்கு, உயர்ந்த எண்ணெய் வாங்குக என்று அறிவுரை பகர்வது, பசித்தவனிடம் பாயசத்தின் பக்குவம் பேசுவது போன்றது. அவளுக்கு இயலக்கூடிய மருந்து ஒன்று உண்டு, அதற்கு விலையில்லை. ஐந்து பொட்டலத்தை மூன்றாக்குவதே அது. மூன்று கிலோவாயின் தலைக்கு நாளொன்றுக்கு 25 கிராம். மிச்சமாகும் 5 வெள்ளியில் கீரை வாங்கலாம். உதவித்தொகை வழங்கும் அரசு, அதே பொட்டலத்தின் மேல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி போதும் என்பதைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் அச்சிடச் செய்தால் கருவூலம் வற்றிவிடாது.

பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும் வழக்கம் வேறொரு கேடு. கோலாலம்பூர் இரவுச் சந்தை வணிகரிடையே நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பான்மையோர் அவ்வாறு செய்வதை ஒப்புக்கொண்டனர். பலமுறை காய்ச்சிய எண்ணெய் குருதி அழுத்தத்தை உயர்த்துவதும் குருதிக் குழாய்களைச் சிதைப்பதும் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் எலிகளின் உடலில் காணப்பட்டன. எலியின் உடலில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது எனினும், கறுத்துப்போன சட்டியைக் கண்டும் காணாததுபோல் உண்பதற்கு அது அனுமதிச் சீட்டாகாது.

ஆசிரியர் கடன்

இக்கட்டுரை தமிழாசிரியர் கைக்கு வரும்போது, மருத்துவர் பேச வேண்டியதைத் தமிழ் நூலில் பேசுவானேன் என்று அவர் கேட்கக்கூடும். மருத்துவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ. பாட்டியின் காதுக்கு எட்டும்போது அது 'சீனி வேண்டாம்' என்னும் இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது. விரிந்த செய்தியை விரிவாகச் சொல்லும் தமிழ் இல்லாமையே அச்சுருக்கத்திற்குக் காரணம். சங்க இலக்கியத்தின் நயத்தை மேடையில் விரித்துரைக்கும் மொழிக்கு, கணையத்தின் களைப்பை அடுக்களையில் விரித்துரைக்கும் ஆற்றல் இல்லையா? வள்ளுவர் 'மருந்து' என்று தலைப்பிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். மாணவர் அதனை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர். பெற்றுக்கொண்டு, இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் பொரித்த கோழித்துண்டுக்கு வரிசையில் நிற்கின்றனர். குறளைக் கற்பித்த ஆசிரியரும் அதே வரிசையில் நிற்கிறார்.

செய்யத்தக்கவை அரியவை அல்ல. 'இன்சுலின் எதிர்ப்பு' என்னும் சொற்றொடர் கட்டுரைப் பயிற்சிகளிலும் கருத்துணர்தல் பகுதிகளிலும் புழங்கட்டும். வீட்டில் மாதந்தோறும் எத்தனை கிலோ எண்ணெய் தீர்கிறது என்பதைக் குறித்து, தலைக்கு எத்தனை கிராம் என்று வகுத்துவரச் சொல்லும் கணக்கு, எந்தப் பாடநூற் கணக்கினும் பயனுடையது. தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சுண்டலும் இட்டிலியும் பொரித்த பண்டத்துக்கு முன்னே வைக்கப்படட்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியெல்லாம் எழும் தண்ணீர்ப்பந்தல்களில், பக்தர்க்கு வாரி வழங்கும் வடையில் ஒரு பாதியாவது பழமாகட்டும், மோராகட்டும். அன்னதானத்தின் புண்ணியம் எண்ணெயின் அளவைப் பொறுத்ததன்று.

மேலும் ஒன்று. சீனியைக் குறைத்தவர் பெருஞ்செயல் செய்தவர். அவரை இகழ்வது அறமாகாது. அவர் ஏறியது முதற்படி. அதுவே மாடி என்று அவரை நம்பவைத்த சமூகமே குற்றவாளி. காலின் புண் ஆறாமல் விரலை இழந்தோரும், சிறுநீரகம் பழுதுற்று வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் படுத்திருப்போரும் தமிழர் வாழும் தெருவெங்கும் உளர். அவருள் பலர் சீனியை விட்டுப் பல்லாண்டு ஆனவர்கள்.

மார்க்கெட் தெருக் கடையில் அந்த முதியவர் நாளைக் காலையும் வந்து அமர்வார். "தே ஓ கோசோங்" என்பார். அவர் அருகே அமரும் பேரன் தமிழ்ப்பள்ளியில் படிப்பவனாயின், தாத்தாவின் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து வைத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்பதைப் பிழையற்ற தமிழில் அவருக்கு விளங்கச் சொல்லட்டும். அதைச் சொல்லத் தெரிந்த ஒரு மாணவனை உருவாக்கும் ஆசிரியர், ஓர் உயிரைக் காத்தவர் ஆவார்.